கதவுக்கு அடியில் தங்கூசி

பூனைக்கு விளையாட்டுச் சாமான் தேடுவது புருஷனை இழந்து இத்தா இருக்கிற பெண் செய்கிற வேலையா என்று சாய்ந்தமருதில் நாலு பேர் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அந்த நாலு பேரில் ஒருவராவது பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் அஸ்மியாவோடு அந்த அறைக்குள் இருந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவர்களும் கல்முனை பசாருக்கு ஓடிப்போய், பூனைக்கு என்ன கிடைக்கும் என்று கடை கடையாக ஏறி இறங்கியிருப்பார்கள்.

பூனையின் பெயர் சூடை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சூடை மீன் பெட்டிக்குள் சுருண்டு கிடந்த குட்டியை அஸ்மியாவின் புருஷன் ஸஜாத் கரையிலிருந்து தூக்கி வந்தான். மீனின் நிறம்தான் அதற்கும், வெள்ளியில் கொஞ்சம் கறுப்பு. கலியாணம் முடித்து ஆறு வருஷமாகியும் பிள்ளையில்லாத வீடு. வேளைக்குச் சோறு வைத்தது அஸ்மியா. பூனை சுற்றியது ஸஜாத்தின் காலடியை. இதில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்பதை அவளே ஒத்துக்கொள்வாள்.

பூனைக்கும் ஸஜாத்துக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. கடலுக்குப் போகாத நாளில் அஸர் தொழுதுவிட்டு வந்து அவன் பின் வளவுப் படியில் குந்துவான். தங்கூசி என்று மீன்பிடிகாரர் சொல்கிற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நைலோன் நூலில் இரண்டு பாக நீளம் வெட்டி, நுனியில் வலை மிதப்பின் ஒரு துண்டைக் கட்டி வைத்திருந்தான். மிதப்பைக் கதவுக்கு அடியால் அறைக்குள் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து இழுப்பான். குட்டியாக இரண்டு இழுப்பு. பிறகு ஒரு காத்திருப்பு. பிறகு நீட்டாக ஒன்று. உள்ளே இருக்கிற சூடைக்கு ஆள் தெரியாது. மிதப்பு தானாக ஊர்ந்து கதவடிக்குள் ஒளியப் போவது மட்டும்தான் தெரியும். அது பதுங்கி, பின்பக்கத்தை ஆட்டி, பாய்ந்து அமுக்கும். ஸஜாத் வெளியே இருந்து சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பான். கடைசியாக அவன் கடலுக்குப் போன திங்கட்கிழமை, அந்தத் தங்கூசியும் மிதப்பும் மறதியாக அவனுடைய சட்டைப் பையிலேயே போய்விட்டன.

படகு மீராமுகைதீன் மாமாவுடையது. அஸ்மியாவின் தாய்மாமன், மூன்று படகுக்குச் சொந்தக்காரர். ஸஜாத் ஓட்டி, நளீர் அவனுக்கு உதவி. நாலாம் நாள் திரும்ப வேண்டியவர்கள். மூன்றாம் நாள் காற்று மாறியது. மாமா மற்ற இரண்டு படகையும் தேட விட்டார். அவை போவதும் வெறுமனே திரும்புவதுமாக இரண்டு கிழமைக்கு மேல் ஓடியது. பதினெட்டாம் நாள் வியாழக்கிழமை, காரைதீவு இராசதுரையின் வலையில் ஒரு பலகை ஏறியது. மீன் பெட்டியின் மூடி, படகின் இலக்கத்தோடு. அவர் அதைச் சாரத் துணி ஒன்றில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் அஸ்மியாவின் வாயைப் பார்த்து நின்றது. ஓட்டியின் பெண்சாதி இத்தாவில் இருந்தால் அவன் மௌத்து, இறந்துவிட்டான் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு காயிப் ஜனாஸா, அதாவது இறந்தவரின் உடல் இல்லாமலே தொழுகிற ஜனாஸாத் தொழுகை நடக்கும். படகுகள் தொழிலுக்குத் திரும்பும். மாமா எதையும் மறைக்கவில்லை.

"நீ பொறுப்பமெண்டு செல்லு, நான் இன்னொருக்காப் படகு விடுறன் மகள்," என்றார். "ஆனா ஊட்டுல இத்தாவும் கடல்ல தேட்டமும் ரெண்டும் ஒண்டா நடக்காது."

நளீரின் பெண்சாதி ஜெனூபா அன்று மதியம் ஓடி வந்து அஸ்மியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ இத்தா இருக்காதே, நீ இருந்தால் என்ட புருஷனையும் சேர்த்துத்தான் கைவிடுவார்கள் என்று மன்றாடினாள். அஸ்மியா சரி என்பது மாதிரித் தலையை ஆட்டினாள். ஆனால் பின்னேரம் மாமாவிடம் இத்தாவுக்கு ஓம் என்று சொல்லிவிட்டாள்.

ஏன் சொன்னாள்? பதினெட்டு நாளாக வாசலில் செருப்புக் குவிந்து கிடந்தது. வந்தவர்களெல்லாம் அழுகிறாளா, சாப்பிட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சீலையை இழுத்து மறைத்துக்கொண்டு படுத்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. ஸஜாத் மௌத்து என்று நம்பி அவள் ஓம் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். இதுதான் உண்மை, அதை அவள் அப்போது ஒருவரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் வெள்ளைச் சீலை கட்டி, பின் வளவுக்குக் கதவுள்ள அந்த அறையில் திரை தொங்கவிட்டு உட்கார்ந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அப்படி இருக்க வேண்டும். மருதமுனையில் தறி வைத்திருக்கிற அவளுடைய ராத்தா, மூத்தவள் பாஹிமா துணைக்கு வந்து நின்றாள். சுவர்க் கலண்டரில் நாளுக்கு ஒரு புள்ளியாக அஸ்மியா வைத்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் புள்ளி வைத்த நாள் அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில், இத்தனை நாளும் சனத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் கிடந்த சூடை வெளியே வந்தது. கதவுக்கு முன்னால் நின்று காதை நிமிர்த்தியது. பதுங்கியது. பின்பக்கத்தை ஆட்டியது. பாய்ந்து, வெறும் சீமெந்துத் தரையை முன்னங்கால் இரண்டாலும் அமுக்கியது.

அஸ்மியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று கிழமைக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. பிறகுதான் பூனையின் தலையைக் கவனித்தாள். இல்லாத ஒன்றின் பின்னால் அந்தத் தலை அசைந்துகொண்டிருந்தது. குட்டியாக இரண்டு தரம். நின்றது. பிறகு நீட்டாக, கதவு வரைக்கும். சிரிப்பு அவள் வாயிலேயே காய்ந்து போயிற்று.

பாஹிமா பயந்த சாதி இல்லை. தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவள், எதற்கும் ஒரு காரணம் கையோடு வைத்திருப்பாள். அஸருக்கு விளையாடிப் பழகின மிருகம், நேரம் வந்தால் ஆடத்தான் செய்யும் என்றாள். அதற்குப் பொழுது போகவில்லை, கையில் சாமான் இல்லை, அதனால் காற்றைப் பிடிக்கிறது. ஒரு நல்ல விளையாட்டுச் சாமானைக் கொடுத்தால் இந்தக் கூத்தை மறந்துவிடும் என்றாள். அஸ்மியா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு அஸருக்காவது சூடை அவள் கையிலிருக்கிற சாமானோடு விளையாடிவிட்டால் போதும். அப்படியானால் அது வெறும் பழக்கம், கதவுக்கு வெளியே யாரும் இல்லை, தான் ஓம் சொன்னதில் பிழையும் இல்லை. விளையாடாவிட்டால் என்ன என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

முதலில் சோடாப் போத்தல் மூடி. சீமெந்துத் தரையில் அது எழுப்பிய சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சூடை அதை அறை முழுக்க உதைத்துத் திரிந்தது. அஸர் வந்ததும் மூடியை அப்படியே விட்டுவிட்டுக் கதவடிக்குப் போனது. அடுத்தது, பாஹிமாவின் தறியில் நூல் தீர்ந்த குழல். உருண்டு உருண்டு அலுமாரிக்குக் கீழே ஒளிகிற அந்தக் குழலில் பூனைக்கு உயிர். அஸர் வரைக்கும்தான். ஈர்க்கில் கட்டிய கோழி இறகு, தேயிலைப் பைக்கற்றின் உட்தாளைக் கசக்கிச் செய்த உருண்டை, பக்கமெல்லாம் ஓட்டை போட்டு உள்ளே கூனி இறாலை ஒளித்துவைத்த பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்தன. இறாலை எடுக்க அது கையை உள்ளே விட்டுத் துழாவுவதைப் பார்க்கப் பாஹிமாவே வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவாள்.

கல்முனையிலிருந்து சாவி கொடுக்கிற எலி ஒன்று வந்தது. அது கிரீச்சென்று ஓடிய ஓட்டத்தில் சூடை அலுமாரிக்கு மேலே ஏறி, பொழுதுபட்டு மக்ரிப் வரை இறங்கவில்லை. அன்று அஸருக்கும் இறங்கவில்லை என்று அஸ்மியா சந்தோஷப்படப் போனாள். ஆனால் அங்கே மேலே இருந்தபடியே அதன் தலை கதவடியைப் பார்த்து அசைந்துகொண்டிருந்தது. குட்டியாக இரண்டு, ஒரு காத்திருப்பு, நீட்டாக ஒன்று. போனில் மீன் நீந்துகிற விளையாட்டைப் போட்டுக் காட்டினாள். பூனை திரையை நாலு தட்டுத் தட்டிவிட்டு, மீன் எங்கே என்று போனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. சிவப்புப் புள்ளி விழுகிற லேசர் லைட்டை வாங்கினார்கள். அதற்குப் பின்னால் அது சுவரில் ஏறிக்கூடப் பாய்ந்தது. அஸர் நேரத்தில் அந்தப் புள்ளியை மிதித்துக்கொண்டே கதவுக்குப் போயிற்று.

இந்த மூன்று கிழமையில் அஸ்மியா பூனை விளையாட்டில் கெட்டிக்காரியாகிவிட்டாள். சாமான் பூனையை நோக்கி வரக்கூடாது, அதைவிட்டு ஓட வேண்டும். முழுதாகத் தெரியக்கூடாது, பாதி ஒளிய வேண்டும். கடைசியில் ஒரு தரமாவது பிடிபட வேண்டும், இல்லாவிட்டால் பூனைக்கு மனம் விட்டுப்போகும். இதையெல்லாம் ஸஜாத் எப்படித் தெரிந்துவைத்திருந்தான் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இத்தாவின் இருபத்து நாலாம் நாள் ராத்தாவிடம் சொல்லி ஒரு சுற்றுத் தங்கூசியும் ஒரு மிதப்பும் எடுப்பித்தாள். ஸஜாத்துடையதைப் போலவே கட்டினாள். அஸர் நேரத்தில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அவன் இழுத்தது மாதிரியே இழுத்தாள். சூடை கதவடியிலிருந்து தலையைத் திருப்பி அவளுடைய மிதப்பைப் பார்த்தது. பிறகு கதவடியைப் பார்த்தது. திரும்ப அவளைப் பார்த்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒரு பிள்ளை பார்க்குமே, அந்தப் பார்வை. பிறகு அவளை விட்டுவிட்டுக் கதவடிக்கே போனது.

அஸ்மியாவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. தவழ்ந்து போய், பூனை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்தாள். தரை வெறுந்தரைதான். ஆனால் கைக்குக் குறுக்காக நூல் போன்ற ஒன்று ஈரமாக, குளிராக ஓடியது. அவள் நினைத்துச் செய்யவில்லை, விரல்கள் தானாக மூடிக்கொண்டன. அது இறுகியது. மறுபக்கத்தில் யாரோ ஒரு கணம் திகைத்து நின்றது மாதிரி அசையாமல் இருந்தது. பிறகு மெல்ல, கேட்பது மாதிரி, குட்டியாக இரண்டு இழுப்பு.

அவள் கையை உதறினாள். உள்ளங்கையில், தங்கூசி அறுத்தால் விழுகிற மெல்லிய சிவப்புக் கோடு இருந்தது. நாக்கை வைத்துப் பார்த்தாள். உப்பு.

அந்த நேரத்தில் அவள் மீராமுகைதீன் மாமாவுக்குக் கோல் எடுத்திருக்க வேண்டும். போன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. எடுக்கவில்லை. என்ன சொல்வது? பூனை விளையாடுகிறது, படகு விடுங்கள் என்றா? புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரே சொல்லும். மறுநாள் காலையில் ராத்தாவைக்கொண்டு மௌலவியைக் கூப்பிட்டாள்.

மௌலவி நல்ல மனிதர். திரைக்கு வெளியே கதிரையில் இருந்து, அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"மௌத்தானவங்கட ரூஹு திரும்பி வந்து பூனையோட விளையாடுறல்ல, தங்கச்சி. மௌத்தானவர் வரமாட்டார். இத நல்லா மனசில வெச்சிக்கங்க. இது வஸ்வாஸ், ஷைத்தான் மனசில போடுற குழப்பம். ஓதுங்க. அந்தப் பூனையக் கொஞ்ச நாளைக்கி வேற ஊட்டுல விடுங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. பாஹிமாவுக்குத் தறியில் ஒரு அவசர வேலை இருந்தது; அன்றே சூடையைக் கூடையில் போட்டு, மேலே துணி கட்டி, மருதமுனைக்குக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு வந்து படுத்தாள்.

நாலு நாள் பூனை இல்லை. முதல் நாள் அஸருக்கு அறை அமைதியாக இருந்தது. இரண்டாம் நாள் கதவடியில் ஏதோ தட்டுப்பட்டது. மிதப்பு மரத்தில் முட்டுகிற சத்தம், அவ்வளவு மெதுவாக. குட்டியாக இரண்டு. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிடிக்க ஆளில்லாமல், திரும்பவும் இரண்டு. அஸ்மியா தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு, தெரிந்த சூறாவையெல்லாம் ஓதினாள். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அஸருக்கு முன்பே காதில் பஞ்சை வைத்துக்கொண்டாள்.

மருதமுனையில் சூடை சோறு தின்னவில்லை என்று பாஹிமா போனில் சொன்னாள். எந்தச் சாமானையும் திரும்பிப் பார்க்கவில்லை, கடல் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடியே இருக்கிறது என்றாள். பிறகு காணவில்லை என்றாள். இருபத்தொன்பதாம் நாள் மதியம் அது பின் வளவு மதிலால் குதித்து வந்தது. கல்முனை டவுனை, அவ்வளவு வாகனத்தை, அவ்வளவு நாயைக் கடந்து நடந்தே வந்திருக்கிறது. ஒரு காது கிழிந்திருந்தது. அஸ்மியா அதைத் துரத்தவில்லை. துரத்த அவளுக்கு மனம் வரவில்லை.

அஸருக்கு அது கதவடிக்குப் போனது. ஆனால் விளையாட்டு மாறியிருந்தது. பாயவில்லை. அதன் தலை ஒரு விரற்கடை அசைந்தால் அதிகம். வருகிறதை அது அமுக்காமல், குட்டிப் பூனையைத் தொடுகிறது மாதிரி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தொட்டது. அடுத்த நாள் அதைவிடக் குறைவு. முப்பத்து மூன்றாம் நாள், புதன்கிழமை, சூடை முன்னங்காலை நீட்டித் தரையில் ஓரிடத்தில் வைத்தது. அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. அஸ்மியா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நெடுநேரம் கழித்துக் காலை எடுத்து, தரையை முகர்ந்து, கதவடியை முகர்ந்து, ஒரே ஒரு தரம் கத்திவிட்டு அந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் அஸருக்கு அது எழும்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. திரும்பி வந்திருந்த பாஹிமா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். மூடியும் குழலும் எலியும் அறையின் மூலையில் தூசு படிந்து கிடந்தன. புதன்கிழமைப் புள்ளியைச் சுற்றி அஸ்மியா ஒரு வட்டம் போட்டு வைத்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எண்பத்து நாலாம் நாள் ஜெனூபாவின் வீட்டுக்கு ஒரு கோல் வந்தது. நளீர் உயிரோடு இருக்கிறான். கடலில் அடித்துக்கொண்டு போன படகை வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்று கண்டு, அவனை ஏற்றியிருக்கிறது. அவன் பாஷை அவர்களுக்குத் தெரியாது, அவனுக்கோ பேசச் சீவனில்லை. கப்பல் தன் வேலையை முடித்து எங்கோ ஒரு துறைமுகத்துக்குப் போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேலாகியிருக்கிறது. படகில் உயிரோடு இருந்தது அவன் ஒருவன்தான். ஜெனூபா இத்தா இருக்காமல், ஒருவர் சொல்லையும் கேட்காமல், நிறச் சீலையோடு நடமாடியதை ஏசின வாயெல்லாம் இப்போது அவள் வீட்டுக்கு இனிப்புப் பெட்டியோடு போயின.

தொண்ணூற்றாறாம் நாள் அஸருக்குப் பிறகு நளீர் அஸ்மியாவின் வீட்டுக்கு வந்தான். கூட மௌலவி, மீராமுகைதீன் மாமா. ஜெனூபா வாசலோடு நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. மூன்று ஆண்களும் திரைக்கு வெளியே இருந்தார்கள். பாஹிமா திரைக்கு உள்ளே அஸ்மியாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் காலடியில் சூடை.

வந்த விஷயத்தை மௌலவி பதமாக எடுத்துச் சொன்னார். இத்தா என்பது புருஷன் மௌத்தான நாளிலிருந்துதான். அதற்கு முன்னால் இருந்த நாள் சேராது. ஆகவே ஸஜாத் எந்த நாள் மௌத்தானான் என்று தெரிந்தால்தான் அஸ்மியா எப்போது எழும்பலாம் என்று சொல்ல முடியும். அதைக் கேட்கத்தான் நளீரைக் கூட்டி வந்திருக்கிறார்.

நளீருக்குத் தெரியவில்லை. ஆரம்பத்தில் படகின் பலகையில் நாளுக்கு ஒரு கோடு கீறி வந்தார்களாம், பிறகு கீறவும் பெலன் இல்லாமல் போயிற்றாம். மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்களாம், ஸஜாத் தன் பங்கையும் அவனுக்கே ஊட்டினானாம். முதல் மூன்று கிழமையும் ஒவ்வொரு நாளும் மாமாட படகு வரும், மாமாட படகு வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். மீராமுகைதீன் மாமா அதைக் கேட்டுத் தொண்டையைச் செருமினார்.

பிறகு நளீர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, திரையைப் பார்த்துப் பேசினான்.

"மச்சி, ஸஜாத் காக்காட பையில அந்தப் பூன மிதப்பு கிடந்திச்சி. ஒவ்வொரு நாளும் அஸருக்கு அதக் கடல்ல எறிஞ்சி, கையில தங்கூசியச் சுத்திக்கிட்டு இழுப்பாரு. சூட தேடும் எண்டு செல்லுவாரு. எனக்கு, இந்த மனிசனுக்குக் கிறுக்குப் புடிச்சிட்டு எண்டு நெனவு. ஒரு நாள் ஒரேயடியா அழுதாரு, சிரிச்சாரு. அண்டைக்கி மத்த நுனிய ஆரோ புடிச்சாங்களாம். பூன இல்லடா நளீர், கை, அஸ்மியாட கை எண்டாரு."

பாஹிமாவின் பிடி தளர்ந்தது. அஸ்மியா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கோடு மறைந்திருக்கவில்லை.

"அதுக்குப் பொறகு நாலு நாளு வெறும் நூல் எண்டாரு. பூனைய எங்கயோ அனுப்பிட்டாங்க போல எண்டாரு. அந்த நாலு நாளும் வேற பேச்சில்ல, தண்ணியும் சரியாக் குடிக்கல்ல. பொறகு ஒரு நாள், வந்திட்டு, சூட வந்திட்டு எண்டாரு. அதுக்குப் பிந்தி கொஞ்ச நாள்தான். என்ன கிழமை எண்டு கேட்டா எனக்குத் தெரியா மௌலவி. அஸர் நேரம். அது மட்டும் தெரியும். கையில தங்கூசி சுத்தினபடி."

அஸ்மியா எழும்பிப் போய்ச் சுவரிலிருந்து கலண்டரைக் கழற்றினாள். வட்டம் போட்ட புள்ளியில் விரலை வைத்து, அந்தப் புதன்கிழமையின் திகதியைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாக வாசித்தாள்.

எப்படித் தெரியும் என்று மௌலவி கேட்டார்.

"மௌத்தானவர் வரமாட்டார் எண்டு நீங்கதான் செல்லித் தந்தீங்க," என்றாள் அஸ்மியா. "நீங்க சரியாத்தான் செல்லியிருக்கீங்க. வந்தவர் மௌத்தாகல்ல எண்டு நான்தான் யோசிக்கல்ல. அந்த முப்பத்து மூண்டு நாளும் நான் புருஷன் உசிரோட இரிக்கிறவ, மௌலவி. வெள்ளயக் கட்டிக்கிட்டுக் குந்தியிருந்தன்."

வாசலில் ஜெனூபா விம்மியது எல்லாருக்கும் கேட்டது.

நளீர் சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்தான். உப்புப் பூத்து வெளிறிய மிதப்புத் துண்டும் அதில் கட்டிய தங்கூசியும். கையில் கொடுக்க முறையில்லை என்று குனிந்து, தரையோடு வைத்துத் திரைக்கு அடியால் உள்ளே தள்ளினான். பிறகு அவர்கள் எழும்பிப் போனார்கள். பாஹிமா அவர்களை அனுப்பிவைக்கப் போனாள்.

அறையில் அஸ்மியாவும் பூனையும்தான். சூடை எழும்பி வந்தது. மிதப்பை முகர்ந்தது, தங்கூசியை அதன் நுனி வரைக்கும் முகர்ந்துகொண்டே போனது. திரும்பி வந்து மிதப்புக்கு முன்னால் பதுங்கிக் காத்திருந்தது. அஸ்மியா பின் வளவுக் கதவடியைப் பார்த்தாள். பூனை அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து தங்கூசியின் மறுநுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். இழுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். நான் இழுத்தால் இது பாயாமல் இருக்கட்டும், அன்று மாதிரி என்னை விட்டுவிட்டுக் கதவுக்கே போகட்டும் என்று மனதுக்குள் துஆ கேட்டுக்கொண்டாள். குட்டியாக இரண்டு இழுப்பு இழுத்தாள். காத்திருந்தாள். பிறகு நீட்டாக ஒன்று.

சூடை பின்பக்கத்தை ஆட்டி, பாய்ந்து, மிதப்பை இரண்டு காலாலும் அமுக்கிப் பிடித்தது. அஸ்மியா அப்போதுதான் முதல் தரமாக ஸஜாத்துக்காக வாய்விட்டு அழுதாள்.